பாதையும் பஸ்ஸும் நம் பெரியவர்களும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முதியோர் சங்கத்துக்கு நான் எழுத்து வேலை பார்க்கிறேன். மனு எழுதுவது, தபாலில் போடுவது, பதில் வராவிட்டால் தேடிப் போவது, இவைதான் என் பங்கு. படிக்கட்டு, பாதை, பஸ், கான் (வடிகால்), கடவை என்று நடமாட்டம் சம்பந்தமாகப் பெரியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை என்று எந்தப் பக்கத்தில் இருந்தாலும் நடைமுறை பெரும்பாலும் ஒன்றுதான்.

பாதை, பஸ் விஷயமெல்லாம் இளைஞர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே? வயதானவர்கள் ஏன் அலைய வேண்டும்?

இளைஞர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு தடவை லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, சுற்றிப் பாருங்கள். பாதிப் பேர் கொழும்பில், மீதிப் பேர் மலையில் வேலையில். பகல் நேரத்தில் பாதையில் நடப்பவர்கள் பெரியவர்கள்தான். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் அவர்கள்தான், தபால் கந்தோருக்கும் கோயிலுக்கும் போவதும் அவர்கள்தான்.

என் அம்மாவின் கிளினிக் நாளைச் சொல்கிறேன். விடியற்காலை ஐந்தரை மணி. பனி கால் தெரியாத அளவுக்கு இறங்கியிருக்கும். கிளினிக் கொப்பியை ஒரு சொப்பிங் பேக்கில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொள்வார். குடை மழைக்கு அல்ல, ஊன்றிக்கொள்ள. மேட்டு லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படியில் ஒரு கல் ஆடும். அது எந்தக் கல் என்று அம்மாவுக்குத் தெரியும், இருட்டிலும் அதைத் தாண்டிக் கால் வைப்பார். அந்தக் கல் எந்தப் பொறியியலாளரின் வரைபடத்திலும் இல்லை. அம்மா சொன்னால்தான் அது இருப்பது வெளியே தெரியும்.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 சதவீதம். அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. இவ்வளவு பேரைக் கேட்காமல் போடும் பாதை யாருக்காக?

எங்கள் பாதை யாருக்குச் சொந்தம்? யாரிடம் போக வேண்டும்?

இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இது தெரியாமல் எழுதிய மனுக்கள்தான் மேசைக்கு மேசை அலைகின்றன. எங்களையே ஒரு அலுவலகம் எட்டு மாதம் இழுத்தடித்துவிட்டு, கடைசியில் "இது எங்கள் வீதி இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டது. அன்றிலிருந்து பாதையின் உரிமையாளரைக் கண்டுபிடிக்காமல் நாங்கள் பேனாவைத் தொடுவதில்லை.

ஏ, பி வகைப் பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில். அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை வழியாக நுவரெலியா போகும் ஏ7 வீதி அப்படிப்பட்டது. பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை ஏறி நுவரெலியா வந்து, வெலிமடை வழியாகப் பதுளைக்கு இறங்கும் ஏ5 வீதியும், பெரகலையிலிருந்து ஹப்புத்தளை, பண்டாரவளை போகும் ஏ16 வீதியும் அவர்களுடையவை. இவற்றுக்கு அந்தப் பகுதி நிறைவேற்றுப் பொறியியலாளருக்கு எழுத வேண்டும்.

சி, டி வகை வீதிகள் மாகாண நிர்வாகத்தினுடையவை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும் ஊவா மாகாண சபையின் காலம் 2019இலும் முடிந்தன. இதை எழுதும் வரை புதிய தேர்தல் நடக்கவில்லை. அதனால் கேட்பதற்கு மாகாண சபை உறுப்பினர் என்று யாரும் இல்லை. மனுவை மாகாண வீதித் திணைக்களத்துக்கு எழுதி, பிரதம செயலாளருக்கும் ஆளுநருக்கும் பிரதி போடுங்கள்.

மற்ற உள்ளூர் வீதிகள் பிரதேச சபைக்கோ, ஹட்டன் - டிக்கோயா, தலவாக்கலை - லிந்துலை போன்ற நகர சபைகளுக்கோ, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை போன்ற மாநகர சபைகளுக்கோ உரியவை. அப்புறம் தோட்டத்துக்குள் இருக்கும் பாதை. அது தோட்ட நிர்வாகத்தின் கீழ் வரும்.

ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குள் இவை அத்தனையும் வந்துவிடும் என்பதுதான் மலையகத்தின் விசேஷம். லயத்துப் படி தோட்டத்தினுடையது, கீழே கொங்கிரீட் பாதை பிரதேச சபையினுடையது, பஸ் நிற்கும் பெருந்தெரு வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையது. இறங்கி ஏறும் ஒரு பாட்டிக்கு அது ஒரே பாதை, அலுவலகக் கணக்கில் மூன்று. ஆகவே ஒரே மனுவில் மூன்றையும் எழுதாதீர்கள். மூன்று மனு, மூன்று உறை. சந்தேகம் இருந்தால் "இந்த வீதி உங்கள் சபையின் வீதிப் பதிவேட்டில் உள்ளதா?" என்று மட்டும் முதலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்களே?

அது பழைய கதை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு அப்படித்தான் தடை போட்டிருந்தது. தோட்ட மக்கள் வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்பலாம், ஆனால் அந்த உறுப்பினரால் லயத்துக்கு ஒரு மூட்டை சீமெந்துகூட கொண்டுவர முடியாத நிலை. 30 வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். இப்போது தோட்டப் பகுதிகளிலும் பிரதேச சபை வேலை செய்ய வழி இருக்கிறது.

அதே 2018இல் நுவரெலியா, அம்பகமுவை என்ற இரண்டு பெரிய பிரதேச சபைகளைப் பிரித்து ஆறாக்கினார்கள். அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள் வந்தன. முன்பு அரை நாள் பயணம் போக வேண்டியிருந்த சபைக் காரியாலயம் பலருக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது.

ஆனாலும் நடைமுறையில் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் இருந்தால்தான் வேலை லேசாக நடக்கும். அதனால் நாங்கள் முதலில் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் போய், "இந்தப் படியைச் சபை கட்டித் தருவதில் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை" என்று ஒரு கடிதம் வாங்கி, அதன் பிரதியை மனுவோடு இணைத்துவிடுகிறோம். "தோட்டம் ஒத்துக்கொள்ள வேண்டுமே" என்று சொல்லி யாரும் மனுவை ஓரம் கட்ட முடியாது.

"நம்ம பேச்ச யாரு கேக்கப் போறா" என்று பெரியவர்களே சொல்கிறார்கள். என்ன செய்வது?

அந்தப் பேச்சை அலுப்பு என்று நினைத்துக் கடந்து போகாதீர்கள். இன்று 75 வயதைத் தாண்டியவர்கள் பிறந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு யார் இங்கே, யார் இந்தியாவில் என்று பிரித்தார்கள். மிஞ்சி இருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. வாழ்நாளின் பாதியை வாக்கு இல்லாமல் கழித்த ஒருவர், சபைக்குப் போய் "எனக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுத் தாருங்கள்" என்று உரிமையோடு கேட்பார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். துரையிடம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றே பழகிய தலைமுறை அது.

நாங்கள் கூட்டம் என்று சொல்லி அழைப்பதில்லை. "வாங்க, பஸ் ஹோல்ட் வரைக்கும் ஒருதடவ நடந்துட்டு வருவோம்" என்கிறோம். நடக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது. இன்னொன்று, பிள்ளைகள் பேனாவைப் பிடியுங்கள், பேச்சைப் பிடுங்காதீர்கள். "அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது, நான் சொல்கிறேன்" என்று மகன் குறுக்கே விழுந்த இடங்களில் எல்லாம் பாதி விஷயம் விடுபட்டுப் போயிருக்கிறது.

நடந்து பார்ப்பது என்றால் எப்படி? என்ன குறித்துக்கொள்ள வேண்டும்?

மூன்று நான்கு பெரியவர்கள் போதும். ஒருவர் கைத்தடியோடு நடப்பவர், ஒருவர் பார்வை மங்கியவர், ஒருவர் பேரப்பிள்ளையை இடுப்பில் சுமப்பவர் என்று கலந்து இருந்தால் நல்லது. உண்மையாகவே அவர்கள் போகும் நேரத்தில் போங்கள். பத்து மணி வெயிலில் நடந்தால் விடியற்காலைப் பனியில் வழுக்கும் பாசி கண்ணில் படாது.

நாங்கள் ஒரு நாள் மேட்டு லயத்திலிருந்து பஸ் ஹோல்ட் வரை இறங்கினோம். நான் கையில் தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவும் கொப்பியும் வைத்திருந்தேன். முதல் திருப்பத்திலேயே ஒரு ஐயா நின்றுவிட்டார். "இங்கதான் மூச்சு முட்டும்" என்றார். அந்த இடத்தில் உட்கார ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் கொழுந்து நிறுக்கும் மடுவம் அங்கே இருந்ததாம், அதன் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவார்களாம். மடுவம் இடிந்ததோடு ஓய்விடமும் போயிற்று. எல்லாரும் ஓர் இழப்பை உணர்ந்திருந்தார்கள், யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சுமைதாங்கிக் கல் நட்ட ஊரில் பிறந்த பாட்டன்மாரின் பிள்ளைகள் நாம். நடுவழியில் உட்கார ஒரு கல் வேண்டும் என்பது நமக்குப் புதிய யோசனையா என்ன?

அப்புறம் படிகளை அளந்தோம். ஒன்று 12 சென்ரிமீற்றர், அடுத்தது 27, அதற்கடுத்தது 18. ஏறும்போது இது பெரிதாகத் தெரியாது. இறங்கும்போது கால் பழகிய உயரத்தை எதிர்பார்த்து இறங்கும், படி அங்கே இருக்காது. விழுவது அங்கேதான். ஒரே சீராக 15 சென்ரிமீற்றர் உயரமும் 30 சென்ரிமீற்றர் அகலமும் இருந்தால் வயதானவர்களுக்கு வசதி. கைப்பிடிக் கம்பி இடுப்புக்குச் சற்று மேலே, 90 சென்ரிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். அது முதல் படிக்கு முன்னாலேயே தொடங்கிக் கடைசிப் படியைத் தாண்டி முடிய வேண்டும்.

கீழே பெருந்தெருவைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று போனில் பார்த்தோம். பாதசாரி சராசரியாக விநாடிக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்பது வீதிப் பொறியியலில் வழக்கமான கணக்கு. அதன்படி 7 மீற்றர் அகலத் தெருவை 6 விநாடியில் கடந்துவிடலாம். எங்கள் பாட்டிக்கு 15 விநாடி ஆயிற்று. வளைவிலிருந்து லொறி தலைகாட்டி அவரிடம் வந்து சேர அவ்வளவு நேரம் ஆகாது. அந்த ஒரு வரியைத்தான் பொறியியலாளர் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

இந்தச் சாய்வில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற சாய்தளம் எல்லா இடத்திலும் போட முடியாது. ஒரு அடி உயர 12 அடி நீளம் வேண்டும், அதற்கு மலையையே குடைய வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் கைப்பிடி, சீரான படி, ஓய்வெடுக்கும் திண்ணை, ஒரு விளக்கு, இந்த நான்கையும் முதலில் கேளுங்கள் என்பேன். செலவும் குறைவு.

மனு எப்படி எழுதுவது? ஒரு மாதிரி தர முடியுமா?

ஒரு பக்கத்தைத் தாண்டாதீர்கள். ஒரு மனுவில் ஒரே இடம், ஒரே கோரிக்கை. "எமது பகுதி வீதிகள் மிகவும் மோசமான நிலையில் உள்ளன, தயவுகூர்ந்து கருணை காட்டவும்" என்ற பாணி வேண்டாம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"தவிசாளர் அவர்களுக்கு. எமது தோட்டத்தின் மேற்கணக்கு லயங்களிலிருந்து பிரதான வீதி பஸ் தரிப்பிடம் வரையுள்ள படிக்கட்டை 60 வயதுக்கு மேற்பட்ட 34 பேர் நாளாந்தம் பயன்படுத்துகின்றனர். படிகளின் உயரம் 12 முதல் 27 சென்ரிமீற்றர் வரை சீரற்று உள்ளது. கைப்பிடி இல்லை. கடந்த மழைக்காலத்தில் மூவர் விழுந்து காயமடைந்தனர். 22 மீற்றர் நீளத்துக்குக் கைப்பிடிக் கம்பி பொருத்தி, சேதமடைந்த 9 படிகளைத் திருத்தித் தருமாறு கோருகின்றோம். தங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்வையிடும் திகதியை அறியத் தந்தால் நாம் உடன் வந்து காட்டுவோம். படங்களும் தோட்ட நிர்வாகத்தின் கடிதமும் இணைக்கப்பட்டுள்ளன."

எண்களை உங்கள் இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், கூட்டிச் சொல்லாதீர்கள். உத்தியோகத்தர் வந்து பார்க்கும்போது எண் சரியாக இருந்தால் அடுத்த மனுவையும் நம்புவார். கையெழுத்துப் போட முடியாதவர்கள் பெருவிரல் அடையாளம் வைக்கலாம். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் போட்டால் பதிவுத் தபால், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எந்த மாதத்தில் கொடுத்தால் நல்லது?

உள்ளூராட்சி சபைகளின் நிதியாண்டு ஜனவரி முதலாம் திகதி தொடங்குகிறது. அடுத்த வருடப் பாதீட்டை (வரவு செலவுத் திட்டத்தை) முந்திய வருடக் கடைசியில் சபையில் நிறைவேற்றுவார்கள். அதற்கு முன்பே வேலைகளின் பட்டியல் தயாராகிவிடும். ஜனவரியில் மனுவோடு போனால் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றுதான் வரும். ஆகஸ்ட், செப்டெம்பரில் கையில் கொடுங்கள். பாதீட்டின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், அதைப் போய்ப் பார்த்து உங்கள் படிக்கட்டு அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் நிறைவேறும் முன்பே வட்டார உறுப்பினரைப் பிடியுங்கள்.

2018 தேர்தலிலிருந்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி உறுப்பினர் உண்டு. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலில் உங்கள் வட்டாரத்தில் வென்றவர் யார் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சபையின் மாதாந்தக் கூட்டத்தைப் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்து கவனிக்கலாம். நான்கு பெரியவர்கள் வெள்ளை வேட்டியிலும் சேலையிலும் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே உறுப்பினர் பேசும் தோரணை மாறும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதியோர் சங்கம் அவசியமா? தனியாகக் கேட்க முடியாதா?

தனியாகவும் கேட்கலாம். ஆனால் சங்கம் என்றால் கடிதத் தலைப்பும் முத்திரையும் இருக்கும், ஒருவர் படுத்துவிட்டால் இன்னொருவர் தொடர்வார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் தேசிய முதியோர் பேரவையும் முதியோருக்கான தேசிய செயலகமும் வந்தன. கிராம உத்தியோகத்தர் பிரிவிலிருந்து பிரதேசம், மாவட்டம் என்று மேலே வரை முதியோர் குழுக்கள் அமைக்கும் ஏற்பாடு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் யார் என்று கேளுங்கள், பதிவு செய்யும் வழியை அவர் சொல்வார். 60 வயதானவர்களுக்கான முதியோர் அடையாள அட்டையும் அவர் மூலமே.

பல தோட்டங்களில் சங்கம் பெயருக்கு இருக்கும், வருடத்தில் ஒரு தடவை முதியோர் தினத்துக்கு ஒரு சால்வையோடு சரி. அந்தச் சங்கத்தையே பாதை வேலைக்குத் திருப்புங்கள்.

தமிழில் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். தமிழும் ஆட்சி மொழி என்பது 1987இன் 13ஆவது திருத்தத்தில் வந்தது. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பே தருகிறது. சிங்களத்தில் பதில் வந்தால் சண்டை வேண்டாம், "தமிழில் பதில் தரவும்" என்று ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்புங்கள். அப்படியும் சரிவராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம்.

மனுக் கொடுத்து மாதக்கணக்காகியும் பதிலே இல்லை. அடுத்து என்ன?

தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஏழை எளியவர்களுக்கு இந்த நாட்டில் கிடைத்த நல்ல ஆயுதங்களில் இது ஒன்று என்பேன். எல்லாப் பொது அலுவலகத்திலும் ஒரு தகவல் உத்தியோகத்தர் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணமும் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர்கள் வாயால் சொன்னால் போதும், அதை எழுத்தில் பதிவது அந்த உத்தியோகத்தரின் கடமை. சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி தனியாகப் போய் இதைச் செய்யலாம். எங்கள் சங்கத்தில் ஒருவர் செய்தார், திரும்பி வரும்போது அவர் நடையே வேறு மாதிரி இருந்தது.

"எங்கள் பாதையை ஏன் திருத்தவில்லை?" என்று கேட்காதீர்கள், அது முறைப்பாடு. ஆவணத்தைக் கேளுங்கள். "இன்ன திகதியில் நாங்கள் கொடுத்த மனுவின் மீது எடுத்த நடவடிக்கைகளின் பிரதி", "இந்த வட்டாரத்தில் கடந்த வருடம் வீதிக்கு ஒதுக்கிய பணமும் செலவும்", "இந்தப் படிக்கட்டுக்குத் தயாரித்த மதிப்பீட்டின் பிரதி" என்று கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானித்துச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பெரும்பாலும் அவ்வளவு தூரம் போக வேண்டி வராது. தகவல் விண்ணப்பம் போன மறுவாரமே மனுவின் கோப்பைத் தேடி எடுத்துவிடுவார்கள்.

பஸ் நேரம், பஸ் மிதிபலகை, ஹோல்ட்டில் நிற்காமல் போவது, இவற்றை யாரிடம் சொல்வது?

சிவப்பு பஸ் என்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் அந்தப் பகுதி டிப்போ. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ் என்றால் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை, அவர்கள்தான் வழி அனுமதியும் நேர அட்டவணையும் கொடுக்கிறார்கள். மாகாணம் தாண்டி ஓடும் பஸ் என்றால் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, 1955க்கு அழைக்கலாம். எதுவானாலும் பஸ் இலக்கம், திகதி, நேரம், இடம் நான்கும் வேண்டும். பஸ் இலக்கத்தை ஹோல்ட்டில் உள்ள கடைக்காரரிடம் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. காலை முதல் பஸ் கிளினிக் நம்பர் கொடுக்கும் நேரத்துக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தால், அந்தப் பெரியவர் ஓட்டோ பிடிக்க வேண்டும். அதற்குக் காசு இல்லாவிட்டால் கிளினிக்கையே விட்டுவிடுவார். பிரஷர் மாத்திரை ஒரு மாதம் இல்லாமல் போவது அப்படித்தான். ஆகவே மனுவில் பஸ் நேரத்தை மட்டும் எழுதாமல் கிளினிக் நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். இந்த இரண்டையும் ஒரே தாளில் பார்த்த பிறகு எங்கள் வழியில் முதல் பஸ்ஸை 20 நிமிடம் முன்னால் தள்ளினார்கள். ஒரு சதம்கூட செலவில்லை.

ஆட்கள் குறைவு, நட்டம் என்று பஸ்ஸே விடாத வழிகளுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் "கெமி செரிய" திட்டம் இருக்கிறது. வருமானம் போதாத கிராமிய வழிகளுக்கு அரசு மானியம் கொடுத்து பஸ் ஓட்டும் ஏற்பாடு அது. பள்ளிப் பிள்ளைகளுக்கான "சிசு செரிய" தெரிந்த அளவுக்கு இது நம் பக்கத்தில் தெரிவதில்லை, கேட்பவர்களும் குறைவு.

மிதிபலகை உயரத்தை டிப்போவில் மாற்ற முடியாது. ஆனால் ஹோல்ட்டில் தரையை ஒரு படி உயர்த்திக் கொங்கிரீட் மேடை போடலாம், பஸ்ஸை அதை ஒட்டி நிறுத்தச் சொல்லலாம். இரண்டு மூட்டை சீமெந்து வேலை.

இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் இருக்கிறதா, இல்லை கருணைதானா?

இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க அங்கவீனமுற்றோர் உரிமைகள் சட்டத்தின் கீழ் 2006இல் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வந்தன. பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் எல்லாரும் வந்துபோகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. அங்கவீனமுற்றோரின் அணுகுவசதிக்காகப் போராடிய கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றமும் இதை வலியுறுத்திக் கட்டளை இட்டது. மூட்டு வலியால் படி ஏற முடியாத 70 வயதுக்காரருக்கும் இது பொருந்தும் என்பதுதான் எங்கள் வாதம். புதிதாகக் கட்டும் சபைக் கட்டடம், பஸ் நிலையம், சந்தை எதுவானாலும் அத்திவாரம் போடும்போதே இதைக் கேளுங்கள். கட்டி முடித்த பிறகு கேட்டால் யாரும் உடைத்துக் கட்ட மாட்டார்கள்.

புயலில் போன பாதைகளைத் திரும்பக் கட்டும்போது பெரியவர்களுக்கு அதில் என்ன வேலை?

மிகப் பெரிய வேலை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண் சரிந்தது. பாதைகள் அறுந்தன, ரயில் பாதையும் சேதமானது. திரும்பக் கட்டும்போது எந்த இடத்தில் தண்ணீர் இறங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தோட்டத்தில் 50 வருடம் கான் வெட்டியவருக்குத் தெரியும். "இந்த வளைவுக்கு மேல ஒரு ஊத்து இருந்துச்சு, மூடிட்டாங்க" என்று ஒரு தாத்தா காட்டும் இடத்தில் மதகு இல்லையென்றால், புதுப் பாதையும் அடுத்த மழையில் போகும்.

இதை வாய்ப்பேச்சாக விடாதீர்கள். பழைய ஊற்று, மூடிய கான், முன்பு சரிந்த இடம், சாய்ந்து நிற்கும் மரம், சுவரில் புதிதாக விழுந்த வெடிப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் கையால் வரைந்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் வீதிக்குப் பொறுப்பானவர்களுக்கும் கொடுங்கள். வரைபடம் அழகாக இருக்கத் தேவையில்லை. மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டத்தில் விடுபவர்கள் அந்த நிறுவனத்தினர்தான். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். முழங்கால் வலியோடு ஒருவர் இரவில் எந்தப் படி வழியாக வெளியேறுவார் என்பதையும் அந்தத் தாளில் குறித்துவிடுங்கள்.

கூட்டம் நடக்கும் இடத்துக்கே ஏறிப் போக முடியாதவர்கள் என்ன செய்வது?

கூட்டத்தைக் கீழே இறக்குங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களம், கோயில் மண்டபம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் எது சமதரையோ அங்கே உத்தியோகத்தரை அழையுங்கள். மாலையில் வைக்காதீர்கள், இருட்டில் யாரும் வர மாட்டார்கள். படுக்கையில் இருப்பவர்கள் சொல்வதை போனில் பதிந்து கூட்டத்தில் போட்டுக் காட்டலாம். ஒரு பாட்டியின் இரண்டு நிமிடப் பேச்சை நாங்கள் அப்படிப் போட்டோம். கூட்டத்தில் அதற்குப் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

தொழிற்சங்கத் தலைவர் மூலம் போனால் சீக்கிரம் நடக்காதா?

சில நேரம் நடக்கும். அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் மனு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். தோட்டத்தில் இரண்டு மூன்று கட்சி இருக்கும், ஒரு கட்சியின் பாதை என்று பெயர் விழுந்துவிட்டால் மற்றவர் தடுப்பார். படிக்கட்டு எல்லாருக்கும் பொது.

வேலை முடிந்த பிறகு?

முதல் நாளே அந்தப் பெரியவர்களோடு மறுபடி நடந்து பாருங்கள். எங்கள் படிக்கட்டில் கம்பி போட்டபோது மேல் முனையைக் கூராக வெட்டி விட்டிருந்தார்கள். ஐயா ஒருவர் தடவிப் பார்த்துச் சொல்ல, வெல்டிங் காரர் கிளம்பும் முன்பே அதை வளைத்து மூடினார். பிறகு சபைக்கு ஒரு நன்றிக் கடிதமும் போட்டோம், அதே கடிதத்தில் ஹோல்ட் விளக்கைப் பற்றி இரண்டு வரி. வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், துருவையும் பாசியையும் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக வையுங்கள். எங்கள் படிக்கட்டுக்கு இப்போது என் அம்மாதான் பொறுப்பு.